வருகைப் பதிவேட்டை நடவு மாதத்தில் மட்டும் பார்க்காதீர்கள்

டெல்டா மாவட்டங்களில் அரசுப் பணித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கு,

எங்கள் தாலுகா ஊரில் வார நாட்களில் மாலையிலும் சனி, ஞாயிறுகளில் பகலிலும் நடந்துவந்த இலவசப் பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ‘வருகை குறைவு’ என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இனி மாவட்டத் தலைநகரில் மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10.30 மணியிலிருந்து மதியம் 1.30 வரை வகுப்பு நடக்குமாம். வர முடியாதவர்கள் இணையத்தில் இருக்கும் காணொலிகளைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம் என்றும் போட்டிருக்கிறது. அந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த முடிவு இது. எங்களால் இதை ஏற்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

வருகை குறைந்தது உண்மைதான். எந்த மாதத்தில் குறைந்தது என்று பார்த்தீர்களா? ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டியது ஐப்பசியில். அதற்கு முந்தைய சில வாரங்களின் பக்கங்களைத்தான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று இங்கே வேலை பார்க்கும் எந்த அலுவலருக்கும் தெரியாமல் இருக்காது. ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பா நாற்றுப் பறிப்பும் நடவும். ஆள் கிடைக்காமல் ஊரே அலையும் நாட்கள் அவை. நடவுக்கு ஆள் கூப்பிடும்போது, டிகிரி முடித்தவள் என்பதற்காக எந்த வீட்டுப் பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை. அந்த நாட்களின் கூலிதான் தீபாவளிக்கும், அதற்குப் பின் மழையில் வேலை இல்லாமல் கிடக்கும் வாரங்களுக்கும் ஓடும்.

என் வீட்டையே சொல்கிறேன். அப்பா ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்கு உழுகிறார். கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தியில் வந்தாலும், கல்லணையைத் தாண்டி, ஆறும் வாய்க்காலும் பிரிந்து எங்கள் மடைக்கு வந்து சேர்வது வேறு கணக்கு. 2024-இல் அணையைத் திறந்ததே ஜூலை 28-இல்தான். தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். நானும் போகிறேன். பிஎஸ்சி கணிதம் படித்திருக்கிறேன், எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். காலையில் வயல், சாயங்காலம் குளித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வகுப்பு என்பதுதான் என் ஏற்பாடு. வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் வந்தோம். நடவு உச்சத்தில் இருக்கும் நாட்களில் சாயங்காலமும் வேலை இழுத்துவிடும். அந்த நாட்களில் பதிவேட்டில் எங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் கட்டம் காலியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள்.

அதே பதிவேட்டில் மாசியிலிருந்து வைகாசி வரையிலான பக்கங்களைப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். மெஷின் அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பின்னால் நெல்லைக் காயவைக்கவும், தூற்றவும், கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை குவியலுக்குக் காவல் இருக்கவும் வீட்டு ஆட்கள்தான் வேண்டும். அதெல்லாம் முடிந்து, தாளடியில் தெளித்த உளுந்தையும் பயறையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் வயலில் வேலை இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் வகுப்பில் பெஞ்ச் போதாமல் தரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கங்களை யாரும் படம் எடுக்கவில்லை.

சரி, மாவட்டத் தலைநகருக்கு வந்து படிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் கிராமத்திலிருந்து தாலுகா ஊருக்கு அந்த பஸ் வருகிறது. அதனால்தான் எங்கள் வகுப்பில் பெண்கள் அதிகம். தாலுகா ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் போவது மொபசல் பஸ். அதில் முழு டிக்கெட். போகவும் வரவும் தினமும் எடுத்தால், மாதக் கடைசியில் அது ஒரு வீட்டு மளிகைக் கணக்குக்குச் சமம். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போகிறவருக்கும், முத்துப்பேட்டையிலிருந்து திருவாரூர் போகிறவருக்கும், பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போகிறவருக்கும் நிலைமை இதுதான். வரைபடத்தில் ஒரே மாவட்டம். பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் தூரம் தெரியும்.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை நாளில் காலை 10.30-க்கு வகுப்பு வைத்தால் யாரால் வர முடியும்? செல்போன் கடையில் நிற்கும் பையனால் முடியாது. கொத்தனாருக்குச் சிற்றாள் போகிறவரால் முடியாது. தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுக்கும் அக்காவால் முடியாது. கைக்குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டிய தாயால் முடியாது. வேலைக்குப் போகத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைகளால் முடியும். அவர்களும் படிக்கட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் இலவசப் பயிற்சி என்று ஒன்றை அரசு தொடங்கியது பணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்காக. அவர்கள் உழைக்கும் நேரத்திலேயே வகுப்பை வைத்தால் அந்த நோக்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

காணொலிகள் பற்றி. அரசு யூடியூபில் போடும் பாடங்களையும் கல்வித் தொலைக்காட்சியில் வரும் பயிற்சியையும் நான் பார்த்திருக்கிறேன். சில பாடங்கள் மிக நன்றாக இருக்கின்றன. இந்திய அரசமைப்பு பற்றிய சில வகுப்புகளை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்திருக்கிறேன். அவற்றை நடத்திய ஆசிரியர்களுக்கு நன்றி. ஆனால் காணொலி என் விடைத்தாளைத் திருத்தாது. நான் எங்கே தடுமாறுகிறேன் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் ஒரே செல்போன், அது அப்பாவோடு வயலுக்குப் போய்விடும் என்பதும் அதற்குத் தெரியாது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 2 தேர்வில் என் அனுபவத்தைக் கேளுங்கள். 2022 மே 21 அன்று முதல்நிலைத் தேர்வு எழுதினேன். நவம்பரில் முடிவு வந்தது, தேறியிருந்தேன். முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25. இடையில் இருந்தது மூன்றரை மாதம். அந்த மாதங்கள் இங்கே எப்படி இருந்தன என்று நினைவிருக்கும். நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. டெல்டாவே தண்ணீரில் நின்றது. பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை வந்து, அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்துப் போட்டது. எங்கள் வயலில் கதிர் தண்ணீரிலேயே முளைத்தது. அதை அறுத்துக் கரையேற்றிவிட்டு, அதே மாதம் தேர்வு அறையில் போய் உட்கார்ந்தேன்.

முதல்நிலையில் நான்கைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருமையாக்கினால் போதும். அன்றைய முதன்மைத் தேர்வு அப்படி இல்லை. காலையில் தமிழ்த் தகுதித் தாள், பிற்பகலில் 300 மதிப்பெண்ணுக்குப் பொது அறிவு, முழுக்க விரித்து எழுதும் தாள். இதற்கு ஆள் வேண்டும். நான் எழுதியதைப் படித்து, இந்தப் பத்தி தேவையில்லை, இங்கே ஒரு சட்டப்பிரிவைச் சொல்லியிருக்க வேண்டும், நேரம் இப்படிப் பிரித்துக்கொள் என்று சொல்லும் ஆள் வேண்டும். எங்கள் தாலுகாவில் தேறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த எண்ணிக்கைக்கு முதன்மைத் தேர்வு வகுப்பு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு வரலாறு நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தாள்களைத் திருத்திக் கொடுத்தார். மழை வலுத்ததும் அதுவும் நின்றது. தேர்வில் எனக்கு விடைகள் தெரிந்தன, எழுதி முடிக்க நேரம் போதவில்லை. முடிவு 2024 ஜனவரியில் வந்தது. என் பெயர் இல்லை. ஒரு தேர்வு முடிந்து முடிவு தெரிய ஏறக்குறைய இருபது மாதம் ஆன அந்தச் சுற்றில், பயிற்சி என்ற பெயரில் அரசு எங்களோடு இருந்தது முதல் சில மாதங்கள்தான்.

தாலுகா வகுப்பு பாடம் மட்டும் நடத்தவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அரசுப் பணி இடங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். எங்களோடு படித்த ஒரு பெண் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளி இப்போது இல்லை. யாரிடம் போய் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. விடுமுறை நாட்களில் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், பழைய பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கும், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால், தமிழ் வழியிலேயே படித்து வளர்ந்த அந்தப் பெண், ஒரு தாள் இல்லாத காரணத்தால் தன் உரிமையை இழந்திருப்பாள்.

இன்னொருவர் எங்களைவிட வயதில் மூத்த அக்கா. கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பெண்களுக்கான இடங்களில் 10 சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு உண்டு என்பதும், அதற்கான சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும் என்பதும் அவருக்கு எங்கள் வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரியும். கிராமத்தில் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே இடத்தைத்தான் இப்போது பூட்டியிருக்கிறீர்கள். அந்த அக்கா மாவட்டத் தலைநகருக்குத் தினமும் வர மாட்டார். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

ஏன் இந்த வேலைக்கு இத்தனை பேர் மோதுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு தொழில் பார்க்கலாமே என்கிறார்கள். எங்கள் பகுதி 2020 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதும், உருக்காலையும், தோல் பதனிடும் ஆலையும் இங்கே வரக் கூடாது. அந்தச் சட்டத்துக்காக ஊர் ஊராக உட்கார்ந்து போராடியவர்கள் எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும்தான். அது வேண்டும், என்றைக்கும் வேண்டும். அதே சமயம் விளைநிலத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிற ஊரில் படித்த பிள்ளைகளுக்கு என்ன வழி என்பதையும் யோசிக்க வேண்டியது அரசின் கடமை. இப்போது இருக்கும் வழி திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னைப் புறநகரில் மேன்சன் அறை, இல்லையென்றால் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கடன் வாங்கிப் போவது. பெண்களுக்கு அதுவும் சுருங்கிவிடும். ஊரிலேயே இருந்து, வீட்டையும் பார்த்துக்கொண்டு, மரியாதையாக ஒரு சம்பளம் வாங்க எங்களுக்குத் தெரிந்த நேர்வழி அரசுப் பணித் தேர்வு.

அந்த வழியும் நாளுக்கு நாள் குறுகிவருகிறது. 2022 குரூப் 4 அறிவிப்பில் 7,301 இடங்கள் இருந்தன. 2025-இல் 3,935. அதை எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். 2025 குரூப் 2, 2ஏ அறிவிப்பில் 645 இடங்கள்தான். இவ்வளவு நெருக்கடியான போட்டியில் பணம் இருக்கிறவர் தனியார் மையத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படிக்கிறார். பணம் இல்லாதவருக்கு அரசு வகுப்புதான் துணை. போட்டி கடுமையாகும்போது அந்தத் துணையைப் பலப்படுத்த வேண்டுமே தவிர, நாற்று வாடுகிற நேரம் பார்த்து மடையை அடைக்கக் கூடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடிமைப் பணித் தேர்வுக்குச் சென்னையில் அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், அதனால் ஜெயித்தவர்களைப் பார்த்து எங்களுக்கும் தெம்பு வருகிறது. இவையெல்லாம் ஏற்கெனவே ஓரளவு ஏறி வந்தவர்களுக்கான படிகள். முதல் படி தாலுகா ஊரில்தான் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து நேரே சென்னை மையத்தின் நுழைவுத் தேர்வுக்குப் போகும் துணிச்சல் எல்லாருக்கும் வந்துவிடாது. பக்கத்தில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து, தன்னைப் போன்ற நாலு பேர் படிப்பதைப் பார்த்து, மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் அது வரும்.

கல்லூரியில் படிக்கும்வரை அரசு எங்களைக் கவனிக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என் தங்கை அதில்தான் புத்தகம் வாங்குகிறாள். பட்டம் கையில் வந்ததும் அந்தப் பணம் நின்றுவிடும். வேலையில்லாப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது, அதற்குப் பதிவு செய்துவிட்டு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியதற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த ஆண்டுகளில், எங்கள் ஊரில் அரசின் கை எங்கள் மேல் பட்டது அந்த மாலை வகுப்பில் மட்டும்தான். அதுவும் வாடகை இல்லாத ஒரு பழைய கட்டடம், இரண்டு மின்விசிறி, ஒரு கரும்பலகை. பாடம் எடுத்தவர்களுக்கு மதிப்பூதியம் மாதக்கணக்கில் வரவில்லை. அவர்கள் அதற்காக வராமல் இருந்ததில்லை. இவ்வளவு குறைந்த செலவில் நடந்த ஒன்றை நிறுத்தி எவ்வளவு மிச்சமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பு தொடங்கும் காலமும் தவறு. எங்கள் மையத்தில் தேர்வாணையத்தின் அறிவிக்கை வந்த பிறகுதான் புதிய அணிக்குச் சேர்க்கை போடுவீர்கள். 2025 குரூப் 4 அறிவிக்கை ஏப்ரல் 25-இல் வந்தது, தேர்வு ஜூலை 12. சேர்க்கை போட்டு, ஆசிரியர் பார்த்து, அட்டவணை ஒட்டி வகுப்பு தொடங்கும்போது மே பாதி போய்விட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களும், திருக்குறளும், கணக்கும், நடப்பு நிகழ்வுகளும் மீதி இருந்த வாரங்களில் யாருக்கு முடியும்? தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தேர்வாணையம் எந்தத் தேர்வு எந்த மாதத்தில் என்று ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை வைத்தே மாசியில் வகுப்பைத் தொடங்கலாம். மாசியிலிருந்து ஆனி வரைதான் டெல்டாக்காரர்களுக்குக் கை ஓயும் காலம். அந்தக் காலத்தில் பெரும்பகுதி புதிய அணிக்குக் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, நடவுக் காலத்தில் திறந்து வைத்து ஆள் எண்ணினால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வரும்?

எங்களுக்கு ஆர்வமில்லை என்று கோப்பில் ஏறியிருக்கிறது. அந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்துகிறது. நடவு முடிந்து முதுகு நிமிராமல் வந்து, ஈரத் தலையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து, தூங்கிவிடக் கூடாது என்று நின்றுகொண்டே பாடம் கேட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அண்ணனோ தம்பியோ சைக்கிளில் வந்து அழைத்துப் போகும்வரை தெருவிளக்கில் படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் இந்தக் கோப்பைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அடுத்து வரும் அலுவலர் பார்ப்பார், அதை நம்புவார். அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

இனி நாங்கள் கேட்பது. எங்கள் தாலுகா ஊர் வகுப்பை அதே மாலை நேரத்திலும் சனி, ஞாயிறிலும் திரும்பத் தொடங்குங்கள். பழைய கட்டடம் பிரச்சினை என்றால் நகராட்சிகள் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்கள் இருக்கின்றன, அரசுப் பள்ளி வகுப்பறைகள் மாலையில் காலியாகத்தான் கிடக்கின்றன. இதேபோல வேறு தாலுகாக்களிலும் ‘வருகை குறைவு’ என்று மூடும் யோசனை இருந்தால், அதை நிறுத்திவைத்து, பன்னிரண்டு மாதப் பதிவேட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வகுப்பு அட்டவணையைப் பயிர் அட்டவணையோடு சேர்த்துப் போடுங்கள். மாசி முதல் ஆனி வரை முழு வீச்சில் நடக்கட்டும், வாரம் ஒரு மாதிரித் தேர்வு, வட்டங்களைக் கருமையாக்கும் உண்மையான ஓஎம்ஆர் தாளில், கறுப்புப் பேனாவில். நடவு, அறுவடை வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும், ஆனால் அந்த ஞாயிறு நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பு நடக்காத நாட்களை எங்கள் கணக்கில் வருகைக் குறைவாக எழுதாதீர்கள்.

முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்கள் ஒரு தாலுகாவில் இரண்டே பேர் இருந்தாலும் அவர்கள் விடைத்தாளைத் திருத்த ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நான்கு டெல்டா மாவட்டங்களுக்கும் சேர்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பணியில் இருக்கும் அலுவலர்களும் கொண்ட ஒரு குழு போதும். நாங்கள் எழுதித் தாலுகா வகுப்பில் கொடுக்கிறோம், திருத்தி ஒரு வாரத்தில் திருப்பித் தாருங்கள். பாடம் எடுத்தவர்களுக்குப் பாக்கி இருக்கும் மதிப்பூதியத்தை உடனே கொடுங்கள். தமிழ் வழிச் சான்று, ஆதரவற்ற விதவைச் சான்று போன்றவற்றுக்கு ஒவ்வொரு அறிவிக்கைக்கும் முன்னால் தாலுகா அளவில் ஒரு நாள் முகாம் வையுங்கள், பள்ளிக் கல்வித் துறை ஆட்களும் வருவாய்த் துறை ஆட்களும் ஒரே மேசையில் உட்காரும்படி.

மாவட்டத் தலைநகர் வகுப்பையும் தொடர்ந்து நடத்துங்கள், அது அங்கே இருப்பவர்களுக்குத் தேவை. அதன் நேரத்தை மட்டும் வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி மாலைக்கு மாற்றுங்கள்.

ஆய்வு அறிக்கையின் நகலை எங்களுக்குத் தாருங்கள். பதிவேட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள், மாதவாரியாகச் சேர்ந்து பார்ப்போம். எந்த ஞாயிறு என்பதைப் பத்து நாள் முன்னால் சொல்லிவிட்டால், வயலில் இருக்கிறவர்களும் ஏற்பாடு செய்துகொண்டு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நிறுத்தப்பட்ட வகுப்பில் படித்த ஒரு பட்டதாரி,
காவிரிக் கடைமடையிலிருந்து